உரோமையில் இரண்டு நாள்

சென்ற மாதம் ஒரு மாலை நம் பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்று பங்குமனைக்கு வந்தது. கணவர், மனைவி, கட்டடக்கலை பயிலும் மகள், கணவரின் வயது முதிர்ந்த தாயார் என நால்வர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மூத்த மகன் பணம் அனுப்பியிருக்கிறார். நால்வரும் உரோமைக்குச் சென்றுவர எண்ணம். மேசைமேல் மூன்று தாள்களைப் பரப்பினார்கள். ஒன்று, மேற்கூரையில்லாத மாடிப் பேருந்தில் நகரை வலம்வரும் சுற்றுலா. விரும்பிய நிறுத்தத்தில் இறங்கலாம், அடுத்த வண்டியில் ஏறலாம். இரண்டாவது, வழிகாட்டியோடு சிறு குழுவாக நடந்து செல்வது. மூன்றாவது, குளிரூட்டிய பேருந்தில் இரண்டே நாளில் 'உரோமை முழுவதும்'.

"எதில் போகலாம் சாமி? நீங்கள் போய் வந்தவராயிற்றே" என்றார் கணவர்.

போய் வந்தவர்கள்தாம் நாம். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அந்த மூன்றாவது தாளைப் போன்ற ஒன்றை முன்பு ஒருமுறை நாமே தேர்ந்தெடுத்தோம். அதன் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2022-ஆம் ஆண்டு மே 15, ஞாயிறு. மறைசாட்சி தேவசகாயம் அவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த நாள். 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்த நம் மண்ணின் மைந்தரோடு வேறு ஒன்பது பேரும் அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்கள். அந்தத் திருப்பலியில் பங்கேற்க முப்பத்திரண்டு பேரை அழைத்துக்கொண்டு நாம் உரோமை சென்றிருந்தோம். திங்களும் செவ்வாயும் நகரைக் காண ஒதுக்கிய நாள்கள். பயணத்திற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே முகவர் அனுப்பிய பட்டியல்களை நம் மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்றில் பதினான்கு இடங்கள்; மற்றொன்றில் இருபத்து மூன்று. கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கடன் வாங்கியும் சீட்டுப் பிடித்தும் வருகிற மக்கள். கொடுத்த காசுக்கு ஒன்பது இடங்கள் கூடுதலாகப் பார்க்கட்டுமே என்று இரண்டாவதை எழுதிக் கொடுத்துவிட்டோம். வருகிறவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

குழுவில் எழுபது வயது கடந்த தாய் ஒருவர் இருந்தார். கடற்கரை ஊர்க்காரர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவருடைய இளைய மகன் கடலிலிருந்து திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அரசு தந்த உதவித்தொகையில் ஒரு பகுதியை எடுத்துத்தான் இந்தப் பயணத்திற்குக் கட்டியிருந்தார் என்பதைப் பிற்பாடே அறிந்தோம். முழங்கால் வலிக்குத் தைலம் ஒரு சிறு புட்டியில் எப்போதும் அவர் கையில் இருக்கும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே பேருந்து கிளம்பியது. கொலோசேயம் சன்னல் வழியாக. பெரிய தேர்க்களம் சன்னல் வழியாக. உரோமையின் பழைய பகுதியில் தெருக்கள் குறுகியவை. பெரிய பேருந்துகளுக்கு அங்கே அனுமதியில்லை. நிறுத்தவும் எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். ஆகவே பட்டியலில் உள்ள இருபத்து மூன்றில் ஏறக்குறைய பாதி, ஓடும் வண்டியிலிருந்து விரல் நீட்டிக் காட்டப்படுபவை. இது அச்சிட்ட தாளில் எழுதியிருந்தது, சிறிய எழுத்தில். 'காண்பது' என்பதற்கும் 'உள்ளே செல்வது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, மறையுரையில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பேசும் நாம், அன்று நிறுத்துப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு வத்திக்கான் அருங்காட்சியகம். அதன் கூடங்களையெல்லாம் சேர்த்தால் ஏழு கிலோமீட்டர் நீளம் என்பார்கள். வழிகாட்டி ஒரு சிறு கொடியை உயர்த்திப் பிடித்தபடி முன்னே விரைந்தார். எங்கள் எல்லார் காதிலும் கேட்புக் கருவி, அதில் ஆங்கிலம். சிஸ்டைன் சிற்றாலயத்தினுள் விளக்கவுரைக்கு அனுமதியில்லை. ஆகவே அதன் ஓவியங்களைப் பற்றி வெளி முற்றத்திலேயே, படப் பலகை ஒன்றின் முன் நிறுத்தி முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை விதானத்தைத் தீட்டியதும், 1536-இல் தொடங்கி 1541-இல் இறுதித் தீர்ப்பை முடித்ததும் வெயிலில் நின்று கேட்டோம். உள்ளே சென்றபோது நம் மக்களுக்குக் கழுத்து வலித்தது, கேட்டது மறந்துபோயிருந்தது.

புனித பேதுரு பேராலயத்திற்கு வந்து பாதுகாப்புச் சோதனை வரிசையைக் கடந்தபோது மணி மூன்று. பேருந்து நிற்க இசைவு பெற்ற நேரம் முடியப் போகிறதென்று வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம். 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கிய பிறகு கண்ணாடிக்குப் பின் வைக்கப்பட்ட 'பியெத்தா' சிலையை முதுகுகளுக்கிடையே பார்த்தோம். பெர்னீனி எழுப்பிய வெண்கல விதானத்தின் அருகே கொடி சற்று நின்றது. பேதுருவின் கல்லறை இதற்கு நேர் கீழே இருக்கிறது என்று காதுக் கருவியில் ஒரு வாக்கியம் வந்தது. நாம் அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் தலை எண்ணிக்கொண்டிருந்தோம். முப்பத்தொன்று வந்தது, மீண்டும் எண்ணினோம், முப்பத்திரண்டு. அதற்குள் கொடி வாயிலை நோக்கி நகர்ந்துவிட்டது.

அன்றிரவு விடுதியின் உணவுக்கூடத்தில் அந்தத் தாய் நம் அருகே வந்து உட்கார்ந்தார். "இராயப்பர் கெடக்க எடத்த நாளைக்கா காட்டுவாவ சாமி?" என்று கேட்டார்.

நம் முதியவர்களுக்குப் பேதுரு இன்றும் இராயப்பர்தான், பவுல் சின்னப்பர்தான். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நெஞ்சு அடைத்தது. குருமடத்தில் திருச்சபை வரலாற்றுப் பாடத்தில், 1940-களில் பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் பேராலயத்தின் அடியில் நடந்த அகழாய்வைப் பற்றியும், அங்கே கிடைத்தவை பேதுருவின் எலும்புகள் எனக் கொள்ளத் தகும் என்று 1968-இல் ஆறாம் பவுல் அறிவித்ததைப் பற்றியும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அந்தக் கல்லறைக்கு இருபது அடி தூரத்தில் அந்தத் தாயை நிறுத்தி, ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பி அழைத்து வந்துவிட்டோம்.

"காட்டுவேன் அம்மா" என்றோம்.

செவ்வாய்க்கிழமைக்குப் பட்டியல் வேறாக இருந்தது. திரேவி நீரூற்று, ஸ்பானியப் படிகள், நகருக்கு வெளியே ஒரு கடைத்தொகுதி, மாலை நான்கு மணிக்குப் புனித கலிஸ்து நிலத்தடிக் கல்லறைத் தோட்டத்தில் நம் குழுவுக்கென்று முன்பதிவு செய்த திருப்பலி. பணம் கட்டியாயிற்று, திரும்பக் கிடைக்காது. இரவு பத்து மணிக்கு, நம் மறைமாவட்டத்திலிருந்து சென்று உரோமையில் முதியோரிடையே பணியாற்றும் அருள்சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். மறுநாள் அவருக்கு ஓய்வு. இத்தாலியில் கட்டணம் பெற்று வழிகாட்ட வேண்டுமெனில் அதற்கு உரிமம் வேண்டும். அச்சகோதரி வழிகாட்டியாக வரவில்லை, கூட நடப்பதற்கு வந்தார். நடக்க விரும்பிய முதியவர்கள் ஆறு பேர், நாம், சகோதரி. மற்றவர்களைப் பொறுப்பான இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துப் பேருந்தில் அனுப்பினோம். "சாமி இல்லாமலா?" என்று ஒருவர் முகம் சுளித்தார். அவர் சுளித்ததில் நியாயம் இருந்தது என்பது மாலையில்தான் தெரிந்தது.

பேராலயம் காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. அந்த வேளையில் வரிசை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. எழுதி வேண்டி இசைவு பெற்றால், அகழாய்வு நடந்த ஆழத்திற்கே, பன்னிரண்டு பேர் போலச் சிறு குழுவாக வழிகாட்டியோடு ஒன்றரை மணிநேரம் அழைத்துச் செல்கிறார்கள். அதற்கு அகழாய்வு அலுவலகத்திற்கு நெடுநாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நம் கையில் நான்கு மாதங்கள் இருந்தன, விண்ணப்பிக்கவில்லை. ஆயினும் பேராலயத்தின் கீழ்த்தளத்தில், திருத்தந்தையர் பலர் துயிலும் நிலவறைகள் எல்லாருக்கும் திறந்தவை, கட்டணமும் இல்லை. படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினோம். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், விளக்கொளியில் அந்த மாடம்.

அந்தத் தாய் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழந்தாளிட முடியாத கால்கள். முக்காடு நழுவியதையும் கவனிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "இவரும் வல வச்சிருந்தவருதானே சாமி" என்றார். ஆம் என்றோம். மேலும் சிறிது நேரம் நின்றார். "இவருக்கு ஒரு குழி இருக்கு" என்றார்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே எந்த வழிகாட்டியும் கொடியை உயர்த்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று நாம் பார்க்கவுமில்லை.

வெளியே வந்து நடந்தோம். உரோமையின் தெருக்களில் பாவியுள்ள கருங்கற்களுக்கு 'சன்பியெத்திரீனி' என்று பெயர். குட்டிப் பேதுருக்கள் என்று சொல்லலாம். பெயர் இனியது, முழங்காலுக்கு இரக்கமற்றது. பத்து நிமிட வழி எங்களுக்கு முக்கால் மணி ஆனது. தெருவோரக் குழாய்களில் ஓயாமல் நல்ல குடிநீர் ஓடுகிறது. நகர் முழுவதும் இப்படி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழாய்கள் உண்டென்பதைப் பேருந்துச் சுற்றுலாவில் ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. முந்தைய நாள் குப்பி நீருக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டோம். திபேர் ஆற்றின்மேல் வானதூதர் பாலத்தில் பத்து வானதூதர்கள் நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பாடுகளின் கருவி ஒன்று: கற்றூண், சாட்டை, முள்முடி, வெரோனிக்காளின் துகில், ஆணிகள், ஈட்டி. நாம் வாய் திறக்கும் முன்பே நம் முதியவர்கள் ஒவ்வொரு சிலையாக நின்று தங்களுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்தவர்களுக்கு அங்கே மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

அடுத்து நவோனா சதுக்கத்தின் அருகே புனித அகுஸ்தினார் ஆலயம். பட்டியலின் இருபத்து மூன்றில் இது இல்லை. இடப்பக்கத்து முதல் சிற்றாலயத்தில், 1600-களின் தொடக்கத்தில் கரவாஜியோ வரைந்த ஓவியம் ஒன்றுண்டு. வாயிற்படியில் அன்னை மரியா குழந்தையோடு நிற்க, வயோதிகத் திருப்பயணிகள் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆணின் வெறும் உள்ளங்கால்கள் நம்மை நோக்கி, வழிப்புழுதி அப்பியபடியே தெரியும். சகோதரி பெட்டியில் நாணயம் போட, விளக்கு எரிந்தது. "இது நம்மாளு சாமி!" என்றார் ஒரு பெரியவர்; எல்லாரும் சிரித்துவிட்டோம். விளக்கு அணைந்தது. மீண்டும் நாணயம். நான்கு முறை ஏற்றினோம். அதே ஆலயத்தில்தான் அகுஸ்தினாரின் தாய் மோனிக்காவின் கல்லறையும் இருக்கிறது. 387-இல் ஒஸ்தியாத் துறைமுகத்தில், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்த நாளில் இறந்தவர். கடற்கரைத் தாய் அங்கே ஒரு பலகையில் அமர்ந்து தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். எழுந்திருக்கவே இல்லை. எழுப்பவும் நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. நண்பகல் கடந்து வெளியே வந்து, உணவருந்தி, ஆப்பிய நெடுஞ்சாலைக்குச் செல்லும் 118-ஆம் எண் பேருந்துக்குக் காத்திருந்தோம். வரவில்லை. வாடகைக் கார் அழைத்திருக்கலாம். எண்மருக்கு இரண்டு கார் வேண்டும், செலவு ஆகுமே என்று அங்கும் கணக்குப் பார்த்தோம். கல்லறைத் தோட்டத்தை அடைந்தபோது ஐந்து மணி. எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து வேறொரு நாட்டுக் குழுவின் குரு உடையணிந்துகொண்டிருந்தார். இருபத்தாறு பேர் சைப்பிரசு மரங்களின் கீழே நின்று நம்மைப் பார்த்தார்கள். தொடக்கக்கால மறைசாட்சிகளும் திருத்தந்தையரும் அடக்கப்பட்ட மண்ணில் ஒரு திருப்பலி. அதற்காகவே வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்றிரவு விடுதியின் உணவுக்கூடத்தில், காப்பிக் கோப்பைகளை ஒதுக்கிவைத்துத் திருப்பலி நிறைவேற்றினோம். ஓர் ஆசிரியர் அதை இன்றளவும் நமக்கு மன்னிக்கவில்லை. ஆறு பேரைப் பார்த்துக்கொண்டு இருபத்தாறு பேரை மறந்தீர்கள் என்கிறார். தொண்ணூற்றொன்பது ஆடுகளின் உவமையைச் சொல்லி அவரிடமிருந்து தப்பிக்க ஒருமுறை முயன்றோம். "அந்த ஆயர் பூசைக்குப் பிந்தவில்லையே" என்றார். நமக்கு மறுமொழி இல்லை.

ஆகவேதான் அந்தக் குடும்பத்திடம் "இதில் போங்கள்" என்று ஒரு தாளை எடுத்துக் கொடுக்க நம்மால் இயலவில்லை. மாடிப் பேருந்தை நாம் இகழ மாட்டோம். நெடும் விமானப் பயணம் முடிந்த முதல் நாளில், கால் ஓய்ந்தவர்கள் அமர்ந்தபடியே நகரின் திசைகளை அறிய அதைவிட நல்லது இல்லை. பல மொழிகளில் விளக்கவுரை ஓடும். நாம் ஏறியறிந்த அளவில் அவற்றில் தமிழ் இல்லை. நண்பகலில் மேல்தளத்தில் அமர்ந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். இறங்கி ஏறினால் அடுத்த வண்டியில் இடம் இருக்கும் என்பதும் உறுதியன்று. நடைச் சுற்றுலாவில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். இருபதுக்கு மேல் என்றால் அது நடைச் சுற்றுலா அன்று, ஊர்வலம். இலவசம் என்று அழைக்கும் நடைகளும் உண்டு. முடிவில் அன்பளிப்பை எதிர்பார்ப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் இரண்டு மணிநேரத்திற்கு மேல் உட்கார இடமின்றி நடக்க வேண்டியிருக்கும். பேருந்துச் சுற்றுலாவில் உள்ளே செல்பவை எவை, வெளியிலிருந்து காட்டுபவை எவை, ஒவ்வோரிடத்திலும் எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்க வேண்டும். கழிப்பறை எங்கே என்பதையும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டு நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் வந்த பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இவற்றையெல்லாம் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரையும், எதைப் பார்க்காமல் திரும்பினால் வருந்துவீர்கள் என்று கேட்டோம். மகள் தயங்காமல் பந்தேயோன் என்றாள். 609-ஆம் ஆண்டிலேயே ஆலயமாக்கப்பட்ட பழைய உரோமைக் கோவில். விதானத்தின் நடுவே வானம் பார்த்த வட்டத் திறப்பு. முன்பு அங்கே கட்டணம் இல்லை, 2023 சூலையிலிருந்து உண்டு என்பதை அவளே நமக்குச் சொன்னாள். கணவர் கொலோசேயம் என்றார். மனைவி, எல்லாருக்கும் எதுவோ அதுவே என்றார். அப்படிச் சொல்பவர்களை நாம் இப்போது எளிதில் விடுவதில்லை. மறுபடி கேட்டபோது, "திருப்படிகளில் முழந்தாளில் ஏற வேண்டும்" என்றார் மெல்ல. கணவர் அவரை வியப்போடு திரும்பிப் பார்த்தார்.

அதுவரை சுவரோரம் அமர்ந்திருந்த தாயாரை யாரும் கேட்கவில்லை, நாம் கேட்டோம்.

"முந்தின பாப்பு ஏதோ ஒரு மாதா கோயில்லதான் அடக்கமாமே? கல்லுல பேரு மட்டுந்தான் எழுதியிருக்காமே? அங்க போயி ஒரு செபமாலை முழுசாச் சொல்லணும்" என்றார்.

2025 ஏப்ரலில் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் துயில்வது புனித மரியன்னைப் பெருங்கோவிலில். மூன்று தாள்களையும் எடுத்துப் பார்த்தோம். மாடிப் பேருந்துக்கு அருகே நிறுத்தம் இருந்தது. நடைச் சுற்றுலா அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாவது தாளில் அந்தப் பெயர் பதினோராம் வரியில் இருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில், வெளியிலிருந்து.

"அங்கேயே அரைநாள் போய்விடுமே அம்மா" என்றார் மகன்.

தாயார் செபமாலையை விரலில் சுற்றியபடி பேசாதிருந்தார். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு வந்து முடிவைச் சொல்வதாகக் கூறிச் சென்றார்கள். தாள்கள் நம் மேசைமேல்தான் இருக்கின்றன. மூன்றாவது தாளின் பதினோராம் வரிக்கு அடியில் அந்த மகள் போகும்போது பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறாள்.